மெழுகுக் குடல், காகிதக் குடல், ரப்பர் குடல்

வயிறு-குடல் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களின் மேசையில் ஒரு பொம்மை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சின்ன ஸ்டாண்டு. அதன் மேல் இளஞ்சிவப்பில் ஒரு பிளாஸ்டிக் பெருங்குடல். வலது பக்கம் மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி, கடைசியில் ஒரு நெளிவோடு முடியும். அங்கங்கே வெட்டித் திறந்து உள்பக்கத்தையும் காட்டியிருப்பார்கள். பெரும்பாலும் ஏதாவது மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும். பேனா ஸ்டாண்டுக்கும் மேசைக் காலண்டருக்கும் நடுவில் தூசி படிந்து நிற்கும்.

அந்தப் பொம்மைக்குப் பின்னால் முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் ராஜா வருகிறார், கொலைகாரர்கள் வருகிறார்கள், கோவேறு கழுதைகள் வருகின்றன, நம்ம கல்கத்தாவும் வருகிறது. பொட்டி தட்டுறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், "மாடல்" என்ற வார்த்தையை வைத்துத்தான் எனக்கும் பிழைப்பு ஓடுகிறது. நிஜத்தில் இருக்கிற ஒன்றை எடுத்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிற வேலை. இந்தக் குடல் பொம்மையின் வரலாறும் அதேதான். கூடவே ஒரு கசப்பான கணக்கும் வருகிறது. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே பதிவு படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரவும் :-)

முதலில் குடல்

இத்தாலியில் பொலோனா என்று ஒரு ஊர். அங்கே மொண்டினோ என்ற பேராசிரியர் 1316-ல் உடலை அறுத்துப் பார்ப்பதற்கு ஒரு கையேடு எழுதினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு வருடம் ஐரோப்பாவில் அதுதான் பாடப்புத்தகம். அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வயிறு, அப்புறம் நெஞ்சு, அப்புறம் தலை, கடைசியில் கை கால்.

ஏன் வயிறு முதலில்? மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. முதலில் அழுகுவது அதுதான், அவ்வளவுதான் காரணம்.

நம் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதற்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆள் உயிரோடு இருக்கும்வரை அவை நமக்கு நல்ல வாடகைக்காரர்கள். உயிர் போனதும் வீட்டையே தின்ன ஆரம்பித்துவிடும். வாயு சேர்ந்து குடல் உப்பும், நிறம் மாறும், நாற்றம் கிளம்பும். ஐஸ் பெட்டி இல்லாத காலம். அதனால் பனிக்காலத்தில்தான் அறுப்பார்கள். அதிலும் குடலை முதல் வேலையாக முடித்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மாணவன் கூட்டத்தில் எட்டிப் பார்த்து ஒரு தடவை கண்டால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் உடல் கிடைத்தால்.

உடல் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் தூக்குமேடையிலிருந்து. அது வருடத்துக்கு எத்தனை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அழுகாத உடல் ஒன்று வேண்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்து பார்க்க வேண்டும். மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர்களின் நெடுநாள் ஆசை இதுதான்.

மெழுகு

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலித் தீவைச் சேர்ந்த ஜும்போ என்ற மெழுகுச் சிற்பியும், டெனூ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரும் ஜெனோவா நகரத்தில் கூட்டு சேர்ந்தார்கள். டெனூ அறுத்துக் கொடுப்பார், ஜும்போ அதைப் பார்த்து மெழுகில் செய்வார். அருமையான கூட்டணி, ஆனால் நிலைக்கவில்லை. "கண்டுபிடித்தது யார்" என்று சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். 1701-ல் ஜும்போ தன் மெழுகுத் தலையைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டிப் பெயர் வாங்கினார். அதே வருஷம் இறந்தும் போனார்.

அதற்கடுத்து மறுபடியும் பொலோனா. அங்கே அன்னா மொராண்டி என்ற பெண்மணி. கணவர் மன்சோலினியோடு சேர்ந்து வீட்டிலேயே உடல்களை அறுத்து மெழுகு மாதிரிகள் செய்தவர். 1755-ல் கணவர் இறந்த பிறகு பல்கலைக்கழகமே இவருக்குப் பதவி கொடுத்தது. பெண்கள் பொதுவில் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் இவர் உடற்கூறு பாடம் எடுத்தார். தன்னையே மெழுகில் ஒரு சிலையாகச் செய்துவைத்திருக்கிறார். நல்ல பட்டு உடுத்தி, நகை போட்டுக்கொண்டு, கையில் கத்தியோடு ஒரு மூளையை அறுத்துக்கொண்டிருக்கிற சிலை. கெத்து என்றால் அது கெத்து!

ஆனால் மெழுகுக் கலையின் உச்சம் பிளாரன்ஸ் நகரத்தில். டஸ்கனி நாட்டு அரசர் லியோபோல்ட் 1775-ல் அங்கே ஒரு இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் திறந்தார். இன்று அதை லா ஸ்பெகோலா என்கிறார்கள். பொதுமக்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அதன் தலைவர் பெலிசே பொன்டானா. தலைமைச் சிற்பி கிளமென்டே சுசீனி.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். பக்கத்து மருத்துவமனையிலிருந்து உடல் வரும். உடற்கூறு வல்லுநர் தேவையான பாகத்தை அறுத்துத் தயார் செய்வார். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் நிறம் கலந்த மெழுகை அடுக்கடுக்காக ஊற்றுவார்கள். ரத்தக் குழாய்க்குப் பட்டு நூலை மெழுகில் தோய்த்து ஒட்டுவார்கள். சுசீனி செய்த "வீனஸ்" உலகப் புகழ் பெற்றது. கழுத்தில் முத்துமாலையோடு, தூங்குவது போலப் படுத்திருக்கும் ஒரு பெண். நெஞ்சும் வயிறும் மூடி போலக் கழன்று வரும். உள்ளே ஒவ்வொரு அடுக்காகக் கையில் எடுக்கலாம். குடலும் எடுக்க வரும். ஈரம் காயாத மாதிரி ஒரு பளபளப்பு. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அது அழுகவில்லை. மொண்டினோ பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

லியோபோல்டின் அண்ணன் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப். தம்பி ஊருக்கு வந்தவர் இதைப் பார்த்து அசந்துபோய், எனக்கும் ஒரு செட் என்று சொல்லிவிட்டார். ஒரு செட் என்றால் ஏறக்குறைய 1200 உருப்படி. அத்தனையையும் பெட்டியில் கட்டி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். ராணுவ அறுவை மருத்துவர்களுக்காக 1785-ல் தொடங்கிய ஜோசபினம் என்ற பள்ளியில் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

இங்கேதான் நான் சொன்ன கசப்பு. பிணத்தை அறுக்காமல் படிக்கலாம் என்பதுதான் மெழுகின் நோக்கம். ஆனால் ஒரு மெழுகு உருவம் செய்ய ஒரு பிணம் போதாது. குடலுக்கு அச்சு எடுப்பதற்குள் நெஞ்சு கெட்டுப்போகும், இன்னொரு உடல் வேண்டும். ஒரு உருவத்துக்குப் பல உடல்கள். அவை யாருடைய உடல்கள்? தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போன ஏழைகளுடையவை. முத்துமாலை போட்டுப் படுத்திருக்கும் அந்த வீனஸுக்குள்ளே பல பேருடைய வயிறு இருக்கிறது. செய்தவர் பெயர் நமக்குத் தெரியும், செய்யச் சொன்னவர் பெயரும் தெரியும். உள்ளே இருப்பவர்களின் பெயர் தெரியாது.

மரம்

மெழுகில் இன்னொரு சிக்கல். தொட முடியாது. தொட்டால் உடையும், வெயிலில் இளகும். பார்வைக்கு மட்டும்தான். பொன்டானாவுக்கே இது உறுத்திக்கொண்டிருந்தது. கழற்றிப் பூட்டினால்தானே எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று புரியும்? அதனால் வயதான காலத்தில் மரத்தில் இறங்கினார். முழு மனித உருவம், மரத்தால், துண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி.

தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு முடிவு இப்போதே தெரிந்திருக்கும். ஈரக் காற்று பட்டால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் வீட்டு வாசல் கதவே ஐப்பசி மாசம் சாத்த வராது. ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்த வேண்டிய அத்தனை துண்டுகள் என்ன ஆகும்? போதாக்குறைக்கு வளவளவென்று நெளிகிற குடலை மரத்தில் செதுக்குவது பெரும்பாடு. நெப்போலியன் ஆர்வமாகக் கேட்டு வாங்கிய பொன்டானாவின் மர மனிதன் பாரிஸில் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறான். வகுப்பறைக்குத்தான் அவன் போகவே இல்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், டிசைன் சரி, மெட்டீரியல் தப்பு.

காகிதம்

சரியான மெட்டீரியலைப் பிடித்தவர் ஒரு கிராமத்துக்காரர். லூயி ஓசு. 1797-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் சேந்த்-ஓபன்-தெக்ரோவில் என்ற ஊரில் பிறந்தவர். (அந்த ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு ஒரு டீ என் கணக்கில்.) மருத்துவம் படிக்கப் பாரிஸ் போனார்.

அங்கே காகிதக்கூழில் செய்த பொம்மைகள் கண்ணில் பட்டன. கொலுவில் நாம் வைக்கிறோமே, அதே காகிதக்கூழ் சமாச்சாரம்தான். எடை குறைவு, கீழே போட்டாலும் சுலபத்தில் உடையாது, காய்ந்தால் கெட்டி, மேலே வண்ணம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஓசுவுக்குச் சாதாரணக் கூழ் போதவில்லை. காகிதம், பசை, சுண்ணாம்புத் தூள், நார், கார்க் மரத்தூள் எல்லாம் சேர்த்துத் தனக்கென்று ஒரு கலவையை உருவாக்கினார். அச்சில் அழுத்தி எடுத்தால் நுணுக்கமான வரிகூட விழும். 1822-ல் முதல் மாதிரியைப் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் காட்டினார். சில வருடங்களில் முழு மனிதன் தயார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் "கிளாஸ்டிக்". துண்டு துண்டாக உடைப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

எனக்கு இதில் பிடித்தது பொம்மையைவிட அதைச் செய்த முறை. 1820-களின் கடைசியில் சொந்தக் கிராமத்திலேயே ஒரு தொழிற்சாலை போட்டார். வேலைக்கு எடுத்தது டாக்டர்களையோ சிற்பிகளையோ இல்லை. அந்த ஊர் ஆண்களையும் பெண்களையும். அவர்களுக்கு இவரே உடற்கூறு பாடம் எடுத்தார். எந்த ரத்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரிந்தால்தானே கம்பியை ஒழுங்காக ஒட்டுவார்கள். நார்மண்டி வயற்காட்டு நடுவே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் பெருங்குடலுக்குப் போகும் ரத்தக் குழாயைச் சிவப்பு வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். எந்த வரிசையில் கழற்றவேண்டும் என்பதற்குச் சின்னதாக ஒரு கை விரல் நீட்டும் படம். துண்டுகளைப் பூட்ட உலோகக் கொக்கிகள். கூடவே எண்களுக்கு விளக்கம் சொல்லும் அச்சிட்ட கையேடு. அச்சில் எடுப்பதால் ஒரே மாதிரி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். மாடுலர் டிசைன், பார்ட் நம்பர், யூசர் மேனுவல், எல்லாம் 1830 வாக்கிலேயே! நம் கம்பெனிகளில் இன்னும் டாக்குமென்டேஷன் எழுதச் சொன்னால் அழுகிறார்கள்.

வயிற்று மூடியைத் திறந்தால் பெருங்குடல் சட்டம் போட்ட மாதிரிச் சிறுகுடலைச் சுற்றி நிற்கும். கொக்கியைக் கழற்றிக் கையில் எடுக்கலாம், பின்பக்கம் திருப்பலாம், அடுத்த ஆளுக்குக் கொடுக்கலாம், திரும்ப மாட்டலாம். குளிர்காலம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், மூக்கைப் பிடிக்கவும் வேண்டாம். மாணவர்கள் குடலைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள்.

முழு ஆள் மாதிரி ஒன்று 3000 பிராங்க். தனி ஆள் வாங்கும் விலை இல்லை, கல்லூரிகளும் அரசாங்கங்களும் வாங்கின. பிறகு ஓசு குதிரை செய்தார், பட்டுப்புழு செய்தார், பூக்களைச் செய்தார். 1880-ல் அவர் காலமான பிறகும் தொழிற்சாலை நெடுநாள் ஓடியது. இப்போது பக்கத்து ஊரான ல நூபோரில் அவருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

அதே நேரம், எடின்பரோவில்

ஓசு நார்மண்டியில் கூழ் பிசைந்துகொண்டிருந்த அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொன்னால்தான் இந்தப் பொம்மைகளின் அருமை புரியும்.

பிரிட்டனில் அப்போது மருத்துவ மாணவர்கள் அதிகம், சட்டப்படி கிடைக்கும் பிணங்கள் குறைவு. தட்டுப்பாடு வந்தால் கள்ளச்சந்தை வரும். கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. புதைத்த உடலைக் காக்கக் கல்லறைக்கு இரும்புக் கூண்டு போட்டார்கள், ராக்காவல் இருந்தார்கள். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர், தோண்டுவது எதற்கு வீண் வேலை என்று நேரடியாகக் கொலையிலேயே இறங்கிவிட்டார்கள். 1827 கடைசியில் தொடங்கி ஒரு வருடத்துக்குள், இயற்கையாக இறந்த ஒருவரின் உடலை விற்றதில் ஆரம்பித்து, 16 பேரைக் கொன்று விற்றார்கள். வாங்கியவர் ராபர்ட் நாக்ஸ் என்ற பிரபல உடற்கூறு ஆசிரியர். செத்தவர்கள் யார்? வாடகைக்குத் தங்க வந்தவர்கள், பிச்சைக்காரர்கள், நாதியற்றவர்கள். கேட்க ஆளில்லாதவர்களாகப் பார்த்துத்தான் பிடித்தார்கள்.

ஹேர் அப்ரூவராக மாறித் தப்பித்தான். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கில் போட்டார்கள். அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூடு இன்னும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

1832-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உடற்கூறு சட்டம் கொண்டுவந்தது. கொலைக்கும் திருட்டுக்கும் தேவையில்லாமல் போனது நிஜம். ஆனால் எப்படி? ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர ஆள் வராத உடல்களை மருத்துவப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்ததன் மூலம். அதாவது அதுவரை கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்த ஒன்று, அதன்பின் ஏழையாகச் செத்தவனுக்கு வந்து சேர்ந்தது. நம் நாட்டிலும் 1949-ல் வந்த பம்பாய் உடற்கூறு சட்டம் இதே உரிமை கோராத உடல் கணக்கில்தான் இயங்குகிறது.

ஓசுவின் பொம்மை இந்தக் கணக்கை மாற்றிவிடவில்லை. மருத்துவன் ஆகிறவன் கடைசியில் நிஜ உடலில் கத்தி வைத்துத்தான் பழக வேண்டும். ஆனால் முதல் நூறு தடவை பார்க்கிற வேலையை பொம்மையில் முடித்துவிடலாம். நூறு பேர் எட்டிப் பார்க்க ஒரு உடலை வீணாக்க வேண்டாம். அது சின்ன விஷயம் இல்லை.

கல்கத்தா எலும்பும் பிளாஸ்டிக்கும்

இருபதாம் நூற்றாண்டில் பிளாஸ்டிக் வந்தது. காகிதக்கூழ் போலக் கையால் வண்ணம் பூச வேண்டும்தான், ஆனால் அச்சில் வார்ப்பது சுலபம், கழுவலாம், விலையும் இறங்கியது. குடல், இதயம், காது என்று எல்லாமே பிளாஸ்டிக்குக்கு மாறின. ஒன்று மட்டும் நெடுநாள் நிஜமாகவே இருந்தது: எலும்புக்கூடு.

அமெரிக்கா, இங்கிலாந்து மருத்துவக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. கல்கத்தா அதற்குப் பெரிய சந்தை. எரிக்க விறகு வாங்க முடியாதவர்கள், ஆற்றில் விடப்பட்டவர்கள், யாரும் கேட்காதவர்கள். 1985-ல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகுதான் பல நாட்டு வகுப்பறைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு வேறு வழியில்லாமல் இடம்பிடித்தது. தடை வந்த வருஷத்தைப் பாருங்கள். பிளாரன்ஸ் அருங்காட்சியகம் திறந்து 210 வருஷம் கழித்து! மெழுகில் செய்யத் தெரியும், காகிதத்தில் செய்யத் தெரியும், பிளாஸ்டிக்கில் செய்யத் தெரியும். இருந்தும் ஏழையின் எலும்பு மலிவாகக் கிடைக்கிறவரை அதைத்தான் வாங்கினார்கள். தொழில்நுட்பம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் துறையில் அடிக்கடி பேசுவோம். அப்படிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த 1985 ஞாபகம் வரும்.

பெரியப்பாவும் மேசைக் குடலும்

மேசைப் பொம்மைக்குத் திரும்ப வருகிறேன். அதை உற்றுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரே குடலில் ஒரு பக்கம் பாலிப் என்கிற சதை முளை, கொஞ்சம் தள்ளிப் புண், அப்புறம் சுவரில் பிதுங்கிய பைகள், அதற்கும் அப்பால் புற்றுநோய். ஊரில் உள்ள அத்தனை வியாதியும் ஒரே ஆளுக்கு! டெஸ்ட் டேட்டா எழுதுகிறவன் வைத்த மாதிரி இருக்கும்.

ஆனால் அதன் பலனை நேரில் பார்த்திருக்கிறேன். மதுரைப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாசம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். பெரியம்மா கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகுதான் டாக்டரிடம் வந்தார். துணைக்கு நான். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் "ஒண்ணுமில்லீங்க, சூடுதேன்" என்று ஒரே பதில். டாக்டர் பேச்சை விட்டுவிட்டு அந்தப் பொம்மையை இழுத்து அவர் பக்கம் திருப்பினார்.

"ஐயா, இதுதான் நம்ம பெருங்குடல். இதோ இது கடைசி முனை. கேமரா வச்ச குழாய் இப்படி உள்ள போகும். இந்தா இப்படி ஒரு முளை இருந்தா அங்கேயே எடுத்துரலாம்."

பெரியப்பா பொம்மையைக் கையில் எடுத்தார். முளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இம்புட்டுத்தேனா டாக்டரய்யா? இதுதான் ரத்தத்தக் கக்குதா?"

அதற்கப்புறம் எத்தனை நாளாக, என்ன நிறத்தில், எவ்வளவு என்று எல்லாவற்றையும் பொம்மையைப் பார்த்தே சொன்னார். டாக்டர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சோதனையில் நெளிவுப் பகுதியில் ஒரு பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக இருக்கிறார். தன் உடம்பைப் பற்றிப் பேச வார்த்தை கிடைக்காத ஆளுக்கு அந்தத் தூசி படிந்த பிளாஸ்டிக் பேச ஒரு வழி கொடுத்தது. வெளியே வந்ததும் என்னிடம், "ஏம்ப்பா, எல்லாருக்கும் உள்ள இப்படித்தேன் நேரா சட்டம் அடிச்ச மாதிரி இருக்குமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதில்: இருக்காது.

ரப்பர்

பொம்மையில் பெருங்குடல் அழகாக மூன்று பக்கச் சட்டம். உயிருள்ள ஆளுக்குள் ஏறும் பகுதியும் இறங்கும் பகுதியும்தான் முதுகுப்பக்கச் சுவரோடு ஒட்டியிருக்கும். குறுக்குப் பகுதியும் கடைசி நெளிவும் ஒரு மெல்லிய சவ்வில் ஊஞ்சல் மாதிரித் தொங்கும். சிலருக்குக் குறுக்குப் பகுதி தொப்புளுக்குக் கீழே வரை தொய்ந்து கிடக்கும். நெளிவு ஒரு ஆளுக்குக் குட்டையாக இருக்கும், இன்னொரு ஆளுக்கு நீளமாகச் சுருண்டிருக்கும். ஆளுக்கு ஆள் வேறு, அதே ஆளுக்கே புரண்டு படுத்தால் வேறு.

பிணத்தை அறுத்துப் படித்த காலத்தில் இது பெரிய பிரச்சனை இல்லை. குழாய் விட்டுப் பார்க்க ஆரம்பித்ததும் பிரச்சனை ஆனது. 1957-ல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் குழுவினர் கண்ணாடி இழைகளால் ஆன வளையும் உள்நோக்கியைச் செய்து காட்டினார்கள். முதலில் இரைப்பைக்கு. பெருங்குடலுக்குள் முழுதாகப் போக இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1969 வாக்கில் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இருவரும் குழாய் வழியாகவே கம்பிக் கண்ணி விட்டுப் பாலிப்பை அறுத்தெடுக்கத் தொடங்கினார்கள். வயிற்றைக் கிழிக்காமல்! பாலிப்பை எடுத்துவிட்டால் பின்னால் புற்றுநோய் வருவது குறைகிறது என்று 1993-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆனால் குழாயைத் தள்ளினால் அது முன்னால் போகாது. நெளிவு சவ்வோடு சேர்ந்து உப்பி வளையமாகும். தோட்டத்து ஓஸ் பைப்பை ஒரு முனையில் தள்ளினால் நடுவில் வளையுமே, அதேபோல. நோயாளிக்கு வலி, மேலும் தள்ளினால் குடல் கிழியவும் கூடும். பின்னுக்கு இழுத்து, முறுக்கி, வளையத்தை நேராக்கி, அப்புறம் முன்னே போக வேண்டும். இதை எங்கே பழகுவது? பிணத்தின் குடல் உயிருள்ள குடல் போல நடந்துகொள்ளாது. வீனஸின் குடலுக்குள் குழாய் போகாது. ஓசுவின் காகிதக் குடல் வளையாது. கடைசியில் பழகுவது நோயாளி மேல்தான், முதல் நோயாளி யாரோ அவர் பாடு.

அதனால் புதுவிதப் பொம்மை வந்தது. ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிறுவனம் ஒன்று செய்யும் பயிற்சிக் குடலைப் பாருங்கள். மென்மையான ரப்பர் குழாய், ஒரு பிளாஸ்டிக் வயிற்றுக்குள். ரப்பர் வளையங்களாலும் ஸ்பிரிங்குகளாலும் அங்கங்கே கட்டி வைத்திருப்பார்கள். கட்டும் இடத்தை மாற்றினால் ஆறு விதமான ஆட்களின் குடலாக அது மாறும். தள்ளினால் வளையம் விழும், இழுத்து முறுக்கினால் நேராகும். பார்வைக்குச் சுசீனியின் மெழுகோடு போட்டியே போட முடியாது. ரத்தக் குழாய் கிடையாது, நிறம் கிடையாது, பளபளப்பு கிடையாது. சைக்கிள் ட்யூப் மாதிரி இருக்கும். ஆனால் மெழுகும் மரமும் காகிதமும் மேசைப் பிளாஸ்டிக்கும் விட்டுவிட்ட ஒன்றை, குடல் நகரும் என்பதை, இதுதான் பிடித்தது.

இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். மெழுகு அழகை வைத்துக்கொண்டு தொடுவதை விட்டது. காகிதம் தொடுவதை வைத்துக்கொண்டு நெகிழ்வை விட்டது. ரப்பர் நெகிழ்வை வைத்துக்கொண்டு அழகை விட்டது. எது நல்ல மாடல் என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. யாருக்கு, எதற்கு என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். பெரியப்பாவுக்கு மேசைப் பிளாஸ்டிக் போதும். அவருக்குக் குழாய் விடப்போகும் இளம் டாக்டர் ரப்பரில் நூறு தடவை பழகியிருந்தால் எங்களுக்கும் நிம்மதி.

எல்லா மாடலும் சேர்ந்து விட்டது ஒன்றுண்டு: உள்ளே கிடந்தவரின் பெயர். பிளாரன்ஸ் ஆஸ்பத்திரியில் செத்தவர், எடின்பரோவில் ஒரு ராத்தங்கலுக்கு வந்தவர், கல்கத்தாவில் விறகு கிடைக்காதவர். இவர்களில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. இன்று தங்கள் உடலைத் தாங்களே கையெழுத்துப் போட்டு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு வருஷத்து மெழுகு, மரம், காகிதம், ரப்பர் எல்லாவற்றையும்விட இந்தக் கையெழுத்துதான் பெரிய முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பி.கு.: மருத்துவம் படித்த நண்பர்கள் யாராவது ரப்பர் குடலில் பழகியிருந்தால் அனுபவத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மற்றவர்களுக்கு: ரத்தம் போனால் "சூடு" என்று இளநீர் குடித்துக்கொண்டு ஐந்து மாசம் உட்காராதீர்கள். டாக்டரிடம் போங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் பொம்மையைக் காட்டிச் சொல்லுங்கள் :-)